முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் கடை நடக்க: டிபன் கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை நாலரைக்கு ஷட்டரைத் தூக்குவது நான். காய்கறிக்குக் காந்தி மார்க்கெட் போவது நான். கல்லாவில் உட்காருவது நான், இரவு பதினொன்றுக்குப் பூட்டுவதும் நான். திருச்சியில் இருபத்து நாலு பேர் உட்காரக்கூடிய டிபன் கடையை ஆறு வருடம் இப்படித்தான் நடத்தினேன். அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியவில்லை. மூன்று நாள் கடை எப்படியோ ஓடியது. நாலாம் நாள் உளுந்து தீர்ந்தது. வாங்கப் பணம் எடுக்கும் உரிமை யாரிடமும் இல்லை. ஐந்தாம் நாள் பூட்டிவிட்டார்கள்.

என் ஆட்கள் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். ஆனால் சாவி என் சட்டைப்பையில் இருந்தது; கணக்கும் அளவும் என் தலைக்குள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. இப்போது வாரத்தில் ஒன்றரை நாள்தான் கடைக்குப் போகிறேன். டிபன் கடை, மெஸ், சின்ன ஓட்டல் என்று புதிதாக இறங்குகிறவர்களுக்காக, நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். வேறு தொழில் செய்கிறவர்கள் மாவு என்று வரும் இடத்தில் தங்கள் பொருளை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

இது நம் ஊருக்குப் புதிய சங்கதியும் இல்லை. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்தினார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அங்கே கடையை மேலாள் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் மேலாளுக்கு உண்டு. கணக்கு ஒழுங்காகக் கப்பலில் ஊருக்கு வரும். டெலிபோன் இல்லாத காலத்தில், கடல் தாண்டி இருந்த கடையை நடத்த அவர்களுக்கு உதவியவை எழுதி வைத்த கணக்கும், படிப்படியாகப் பழக்கிய ஆளும், ஆளுக்குக் கொடுத்த பங்கும். மூன்று தெரு தள்ளியிருக்கும் கடைக்கும் அந்த மூன்றும்தான் வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு போடுங்கள்

மாதக் கடைசியில் எல்லாச் செலவும் போக 55,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை லாபம் என்று நினைக்கிறோம். நீங்கள் இரண்டு பேர் வேலையைச் செய்கிறீர்கள். உங்கள் இடத்தில் கல்லாவுக்கு ஒருவரை 16,000 சம்பளத்திலும், மேற்பார்வைக்கு ஒருவரை 24,000 சம்பளத்திலும் வைத்தால் 40,000 போய்விடும். மீதி 15,000தான் கடை தரும் லாபம். மற்ற 40,000 நீங்கள் உழைத்ததற்கான கூலி.

இந்தக் கணக்கில் மீதி எதுவும் நிற்கவில்லை என்றால், கடையை விட்டு விலகும் நேரம் இன்னும் வரவில்லை. ஆளை வைத்துவிட்டு, கடனும் வாங்கி, ஆறு மாதத்தில் இழுத்து மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் விலையையும் வீணாவதையும் பாருங்கள். அதைவிட முக்கியம், போர்டில் எத்தனை ஐட்டம் இருக்கிறது என்பது. என் கடையில் 31 இருந்தன. மூன்று மாத பில்லை எடுத்து எண்ணிப் பார்த்தேன். விற்பனையில் பெரும் பங்கு இட்லி, பொங்கல், வடை, பூரி, நாலு வகை தோசை, காபி, டீ இவற்றிலேயே இருந்தது. மற்றவற்றில் பாதியை எடுத்துவிட்டேன். இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். மாஸ்டரின் சுமை குறைந்தது, வாங்கும் சரக்கின் வகை குறைந்தது, மிச்சமாகிக் கொட்டுவதும் குறைந்தது. 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூடி, பட்டியலை ஒன்பதே ஐட்டமாகச் சுருக்கித் திறந்தார்கள். எவ்வளவு குறைவாகச் செய்கிறோமோ அவ்வளவு எளிதாக அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

பதினைந்து நாள் நோட்டு

ஒரு சின்ன நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எதற்காக உங்களைக் கூப்பிட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். "அண்ணே, கேஸ் வந்திருக்கு, பணம்." "அண்ணே, சட்னி தீர்ந்துபோச்சு, மறுபடி அரைக்கவா?" "அண்ணே, நாளைக்கு நான் லீவு." பதினைந்து நாளில் எனக்கு நானூறு வரிக்கு மேல் சேர்ந்தது.

பிறகு அவற்றைப் பணம், சரக்கு, ருசி, ஆள் என்று நாலாகப் பிரியுங்கள். கடை என்னிடம் கேட்டதில் மிகப் பெரிய பங்கு ருசியைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருநூறு ரூபாய், முந்நூறு ரூபாய் சில்லறைச் செலவுக்குத்தான் என்னை அதிகம் தேடியிருக்கிறார்கள். உங்கள் நோட்டு வேறு மாதிரி இருக்கலாம். எது அதிகமோ அதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் கல்லாவைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் நிலைக்காது.

கல்லா

முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்காததற்குக் காரணம் பயம். அதை மறைக்க வேண்டியதில்லை. திருடுவார்களோ என்ற சந்தேகத்தோடு ஒருவரை உட்கார வைப்பது அவருக்கும் அவமானம், உங்களுக்கும் தூக்கம் போகும். கணக்கு தானாகப் பேசும்படி ஏற்பாடு செய்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

பில் இல்லாமல் அடுப்பிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. டோக்கன் முறையோ, சாப்பிட்டபின் பில்லோ, எதுவானாலும் சரி. சொந்தக்காரர் வந்தாலும், நீங்களே சாப்பிட்டாலும், ஆட்களின் சாப்பாடானாலும் பூஜ்ஜிய ரூபாய் பில் ஒன்று போடுங்கள். முதலாளி சாப்பிட்டதற்கும் பில் போட்டால்தான் இந்த விதியை மற்றவர்கள் மதிப்பார்கள்.

ஜிபே, போன்பே பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வருகிறதா? உடனே மாற்றுங்கள். கடைப் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட், அதற்கு ஒரு க்யூஆர் அட்டை, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி. "அண்ணே, வந்துச்சா?" என்று உங்களுக்கு போன் வருவது அன்றோடு நின்றுவிடும்.

தினமும் ஒரே தொகையோடு கல்லாவைத் திறக்க வேண்டும். எங்களுக்கு 3,000 ரூபாய், அதில் பாதி பத்தும் இருபதுமாக. இரவுக் கணக்கு இப்படி: தொடக்க இருப்பு 3,000. பில் மொத்தம் 24,600. ஆக 27,600. இதில் போனில் வந்தது 13,200, சீட்டு எழுதிச் செய்த சில்லறைச் செலவு 850. இரண்டையும் கழித்தால் கல்லாவில் 13,550 இருக்க வேண்டும். எண்ணும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். அடுத்த நாளுக்கு 3,000 வைத்துவிட்டு மீதி மறுநாள் வங்கிக்குப் போகும்.

குறைவை மட்டும் எழுதினால் போதாது, கூடுதலையும் எழுத வேண்டும். நாற்பது ரூபாய் அதிகமாக இருந்தால் அது யாரோ ஒரு வாடிக்கையாளருக்குத் தராத சில்லறை, அல்லது போடாத பில். தினமும் பத்து இருபது முன்னே பின்னே இருப்பது இயல்பு. ஒரு மாதம் முழுக்க ஒரு ரூபாய்கூட மாறவில்லை என்றால் யாரோ கணக்கைப் பொருத்தி வைக்கிறார்கள் என்று பொருள். குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பிடித்தால் உண்மை எழுத மாட்டார்கள்.

இன்னொரு சோதனை உண்டு. பார்சல் டப்பாவை எண்ணுங்கள். காலையில் இருந்தது, மாலையில் மிச்சம், இடையில் எவ்வளவு போனது என்பதை பார்சல் பில்லோடு ஒப்பிட்டால் போதும். வாரம் இரண்டு முறை, முன்னறிவிப்பு இல்லாமல்.

கடைசியாக, ஒரே ஆள் வாங்கவும் செய்து, வந்ததைச் சரிபார்க்கவும் செய்து, பணமும் கொடுக்கக் கூடாது. மூன்றையும் மூன்று பேரிடம் பிரிக்க ஆள் இல்லாவிட்டால் இரண்டாகவாவது பிரியுங்கள்.

ருசியை எழுதி வைப்பது

இதில்தான் நான் முதலில் தவறு செய்தேன். சாம்பார், சட்னி செய்யும் சரக்கு மாஸ்டரிடம் நோட்டைக் கொடுத்து, "உங்க சாம்பார் அளவை எழுதிக் கொடுங்க" என்றேன். அவர் நோட்டை வாங்கவில்லை. இருபது வருடம் அடுப்படியில் வெந்து சேர்த்த கைப்பக்குவம் அவருக்குச் சொத்து. அதைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு நாளைக்கு வேறு ஆளை வைத்துவிடுவேனோ என்று அவர் நினைத்தது நியாயம்.

ஒரு வாரம் கழித்து, அவர் சம்பளத்தை உயர்த்தி, இரண்டு வருடத்துக்கு எழுத்தில் கொடுத்தேன். பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித் தொகை என்றும் எழுதினேன். அதன்பிறகு அவரே தராசைக் கேட்டார்.

முறை எளியது. மாஸ்டர் வழக்கம்போலச் சமைப்பார். அவர் கை போடுவதற்கு முன் ஒருவர் எடை பார்த்து எழுதுவார். பத்து நாள். பத்து நாளின் அளவைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அளவுதான் வரும். கை அவ்வளவு துல்லியமாக இருக்கும். மாறுகிற இடத்தில் ஏன் என்று கேளுங்கள். "இன்னிக்குத் தக்காளி புளிப்பு ஜாஸ்தி, அதான் புளியைக் குறைச்சேன்" என்பார். அந்த வரிதான் அட்டையில் மிக முக்கியமான வரி. அளவை யாரும் எழுதிவிடலாம், இதை அவர்தான் சொல்ல முடியும்.

எங்கள் இட்லி மாவு அட்டை இப்படி இருக்கிறது. இட்லி அரிசி 8 கிலோ, உளுந்து 2 கிலோ, வெந்தயம் 50 கிராம், கல்லுப்பு 200 கிராம். அரிசி ஐந்து மணி நேரம் ஊற வேண்டும், உளுந்து இரண்டு மணி நேரம். உளுந்தை முதலில், குளிர்ந்த நீர் தெளித்து அரைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் உப்புப் போட்டுக் கலக்குவது இரவு எட்டரைக்கு. மார்கழி, தையில் ஆறு மணிக்கே. மாவுப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. இந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கிரைண்டருக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.

சாம்பார்ப் பொடியை இன்னும் எளிதாக்கலாம். ஒரு அண்டாவுக்கு எவ்வளவோ அவ்வளவாக எடை போட்டு, வாரத்துக்கு ஒருமுறை பொட்டலம் கட்டி வையுங்கள். ஒரு அண்டா, ஒரு பொட்டலம். சட்னிக்கும் குருமாவுக்கும் கரண்டி அளவைத் தீர்மானித்துவிடுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கை தெரிந்திருக்க வேண்டும். தோசைக்கல்லில் நிற்க இன்னொருவர், பூரி போட இன்னொருவர். கூட்டமில்லாத மூன்று மணிக்கு அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினோம். காலை ஆறு மணிக்குச் சாம்பாரையும் சட்னியையும் இருவர் ருசி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சரியில்லை என்றால் வெளியே போகாது. அதைக் கொட்டும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

சரக்கு

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் உள்பக்கம் ஒரு கோடு. அரிசியோ பருப்போ அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் வாங்க வேண்டும். வணிக சிலிண்டர் 19 கிலோ. நிரம்பியது எப்போதும் இரண்டு இருப்பில் இருக்க வேண்டும், ஒன்றை மாட்டியவுடன் அடுத்ததற்குச் சொல்ல வேண்டும். வந்த காய்கறியைக் கடை வாசலிலேயே எடை போட வேண்டும். மளிகைக்கடையில் வாரக் கணக்கு வைத்திருந்தால், கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும் சரக்கு தர வேண்டாம் என்று கடைக்காரரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

யாரைப் பொறுப்பில் வைப்பது

நீண்ட நாள் வேலை பார்த்தவர் என்பதற்காகவோ, சொந்தக்காரர் என்பதற்காகவோ வைக்காதீர்கள். நல்ல மாஸ்டரை மேற்பார்வைக்கு மாற்றினால் நல்ல மாஸ்டரை இழப்பீர்கள். எனக்குக் கிடைத்தவர் ஒரு சப்ளையர். யாரும் சொல்லாமலே, தண்ணீர் டம்ளர் குறையும் முன்பே கவனிப்பவர். கெட்ட செய்தியை மறைக்காமல் வந்து சொல்பவர். இந்த இரண்டாவது குணம் இல்லாதவரை எவ்வளவு திறமை இருந்தாலும் வைக்க முடியாது.

அவருக்கு ஒரு பக்கத்தில் மூன்று பட்டியல் எழுதிக் கொடுத்தேன். கேட்காமலே செய்யலாம் என்று முதல் பட்டியல்: 2,000 ரூபாய் வரை செலவு, குறை சொன்ன வாடிக்கையாளருக்குப் புதுத் தட்டு வைத்துப் பில்லை ரத்து செய்வது, ஒரு நாள் லீவு கொடுப்பது, பிளம்பரைக் கூப்பிடுவது. செய்துவிட்டு அன்றிரவு சொல்ல வேண்டியது இரண்டாவது. விலை மாற்றம், ஆளை நிறுத்துவது, 5,000க்கு மேல் முன்பணம் ஆகியவற்றுக்குக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அது மூன்றாவது. முதல் மாதத்தில் அவர் எடுத்த முடிவுகளில் சில எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்கள் முன்னால் ஒன்றையும் மாற்றவில்லை. ஒருமுறை மாற்றினாலும் மறுநாளிலிருந்து எல்லோரும் மறுபடி எனக்கே போன் செய்வார்கள்.

சம்பளத்துக்கு மேல் பங்கு கொடுங்கள். மாத லாபத்தில் எத்தனை சதவீதம், எந்தச் செலவெல்லாம் கழித்தபின், எந்தத் தேதியில் என்பதை எழுதிக் கொடுங்கள். கணக்கை அவருக்குக் காட்டுங்கள். காட்டாத கணக்கில் தருகிற பங்கு தீபாவளி இனாம் மாதிரி ஆகிவிடும்.

மற்ற ஆட்கள் நிலைக்காமல் மேற்பார்வையாளர் மட்டும் இருந்து பயனில்லை. ஓட்டல் தொழிலில் ஆள் ஓடுவதற்குச் சம்பளம் மட்டும் காரணம் இல்லை. வார லீவு, தூங்க இடம், முன்பணக் கணக்கில் நேர்மை. முன்பணத்தை ஆளுக்கு ஒரு பக்கமாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 10 பேர் வேலை பார்த்தால் இஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீடு, 20 பேர் ஆனால் பிஎஃப் என்ற சேமநிதி. இவற்றைச் செலவாகப் பார்த்தேன், ஒருவருக்குக் கை வெந்து இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் வரை. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டமே திருத்தப்பட்டது. சப்ளையர்களுக்கும் நாற்காலி போடுங்கள்.

காகிதமும் ஓடிபியும்

உணவுப் பாதுகாப்பு உரிமம், மாநகராட்சி உரிமம், வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு எண், தீயணைப்புக் கருவி நிரப்பிய தேதி எல்லாம் ஒரே கோப்பில். புதுப்பிக்கும் தேதிகளைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டும் மாதக் காலண்டரில் சிவப்பு மையில். ஜிஎஸ்டி மாதக் கணக்குக்காரர்களுக்கு, 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அடுத்த மாதம் 20ஆம் தேதி. அதை ஆடிட்டரிடம் கொடுத்துவிடலாம், ஆனால் 20க்கு முன் விற்பனைத் தாள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபோஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கு மேற்பார்வையாளரை அனுப்புங்கள். சான்றிதழ் அவர் பெயரில் வரும், அதை அவர் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

பலர் கவனிக்காத முடிச்சு ஓடிபி. ஜிஎஸ்டி தளம், ஸ்விக்கி, சொமாட்டோ, கேஸ் புக்கிங், மின்கட்டணம் எல்லாம் முதலாளியின் சொந்த நம்பரில் இருக்கும். அவர் விமானத்தில் இருந்தால் கடையில் சிலிண்டர் புக் செய்ய முடியாது. கடைக்கென்று ஒரு போன், ஒரு நம்பர் வாங்கி, வங்கி தவிர மற்றதையெல்லாம் அதற்கு மாற்றுங்கள். வங்கிக் கணக்குக்கு, ஒருவர் பதிவு செய்து மற்றொருவர் ஒப்புதல் தரும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். யூபிஐ பின்னை யாருக்கும் சொல்லாதீர்கள். நம்பிக்கை இல்லாததால் அல்ல. பணம் குறைந்தால் அந்த நல்ல மனிதர்மேல் பழி விழக் கூடாது என்பதால்.

விலகிப் பழகுங்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தொடங்குங்கள். ஞாயிறும் முகூர்த்த நாளும் வேண்டாம். மதியம் போய்விட்டு இரவுக் கணக்குக்கு வாருங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முழு நாள். பிறகு மூன்று நாள், அதன்பிறகு பத்து நாள். வெளியூர் போவது நல்லது, இல்லாவிட்டால் கால் தானாகக் கடைக்குத் திரும்பும். நீங்களாகக் கடைக்கு போன் செய்யாதீர்கள். தீ, விபத்து, அதிகாரிகள் சோதனை இந்த மூன்றுக்கு மட்டும் அவர்கள் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று உடையும். என் முதல் மூன்று நாளில் ஐஸ் வராமல் மாவு சூடாகிப் புளித்துவிட்டது. யாரையும் திட்டவில்லை. ஐஸ்காரர் வராவிட்டால் யாரிடம் வாங்குவது என்று அட்டையில் ஒரு வரி சேர்த்தோம். பத்து நாள் போனபோது மேற்பார்வையாளருக்கே காய்ச்சல். அவருக்கு அடுத்தாள் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. திரும்பி வந்து செய்த முதல் வேலை, கல்லாவில் இருந்த பெண்ணை அந்த இடத்துக்குப் பழக்கியது.

தூரத்திலிருந்து பார்க்க வேண்டியது

தினமும் இரவு ஐந்து வரி வந்தால் போதும்: விற்பனை, கல்லா வித்தியாசம், அன்று வாங்கிய சரக்கு, மிச்சமாகிக் கொட்டியது, குறை சொன்ன வாடிக்கையாளர். கேமரா வைத்திருக்கிறேன், ஆனால் போனில் அதைப் பார்த்துக்கொண்டே உட்காருவதில்லை. அப்படிப் பார்த்தால் உடல் வெளியூரிலும் மனம் கல்லாவிலும் இருக்கும், ஆட்களுக்கும் அது தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை சரக்கு இருப்பை எண்ணுங்கள். வாங்கிய சரக்கு விற்பனையில் எத்தனை சதவீதம் என்று வாராவாரம் எழுதுங்கள்; அது இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் விலை ஏறியிருக்கிறது, அல்லது வீணாகிறது, அல்லது பில் இல்லாமல் போகிறது. மாதம் ஒருமுறை ஐந்தொகை (இருப்பும் கடனும் காட்டும் கணக்கு) போட்டு மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பாருங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைக்குப் போகிறேன். ஜன்னல் ஓரத்து மேசையில் உட்கார்ந்து இரண்டு இட்லி, ஒரு வடை. பில் போடுகிறார்கள், பணம் கொடுக்கிறேன். சாம்பார் எப்படி இருக்கிறது என்று அங்கே சொல்வதில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் பதினொரு மணிக்கு, கூட்டம் குறைந்தபின், ருசி பார்த்துக் கையெழுத்திட்ட இருவரிடம் சொல்கிறேன். போன வாரம் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டரே, "பொட்டலம் மாத்திக் கட்டிட்டாங்கண்ணே, பார்த்துட்டேன்" என்றார். பெருங்காயப் பொட்டலத்துக்குத் தனி நிறத்தில் நூல் கட்ட ஏற்கெனவே சொல்லியும் இருந்தார்.